மேலதிகாரி லைனில் இருக்கிறார்

ஹாலில் டம்ளர் மேல் ஸ்பூன் விழும் சத்தம் கேட்டபோது அவள் ஒரு ஃபிரிட்ஜுக்காக வருத்தம் தெரிவித்துக்கொண்டிருந்தாள். "உங்க சிரமம் புரியுது மேடம்" என்று வாய் சொன்னது. காது மட்டும் மூடிய கதவுப் பக்கம் போயிருந்தது. டம்ளர் என்றால் மகள் வாலு கூப்பிடுகிறாள் என்று அர்த்தம். தண்ணீருக்கும் டம்ளர், பாத்ரூமுக்கும் டம்ளர், ஃபேன் இறக்கையில் ஒரு பூச்சி வந்து உட்கார்ந்திருக்கும் செய்தியை அறிவிக்கவும் அதே டம்ளர். முழங்கால் வரை மாவுக்கட்டு போட்டு, சோபாவில் தலையணைகளின் மேல் காலை ஏற்றிவைத்துக் கிடக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு வேறு என்னதான் வேலை? பள்ளிக்கூட லீவு வேறு. மற்ற பிள்ளைகள் கீழே கத்துகிற கத்தல் ஜன்னல் வழியாக வந்து எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றிவிட்டுப் போகிறது.

வீட்டுச் சாதனங்களைப் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே புகார் கேட்கும் வேலை அவளுக்கு. வீட்டிலிருந்து கேட்கலாம், ஆனால் வீடு கேட்கக் கூடாது. குக்கர் விசில், நாய், பிள்ளை எதுவும் போனில் விழக் கூடாது. ஏற்கெனவே விழுந்தாகிவிட்டது. நேற்று சூப்பர்வைசர் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "நாளைக்கு உங்க கால் எல்லாத்தையும் நானே கேட்கப் போறேன். வீட்டுச் சத்தம் வந்துச்சுன்னா திங்கட்கிழமையிலேர்ந்து ஆபீசுக்கு வந்துடுங்க." ஆபீஸ் ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது. அவள் அங்கே போய் உட்கார்ந்தால் வாலுவை யார் தூக்கிக்கொண்டு பாத்ரூம் போவது?

வாலுவின் அப்பாவைக் கேட்டால் பதில் தயாராக இருக்கும். ஆபீசில் ஸ்டோர் பார்ப்பவர், வீட்டில் தத்துவம் பார்ப்பவர். தன்னம்பிக்கை வளர்க்கிறேன் என்று ஓடுகிற சைக்கிளின் சீட்டிலிருந்து கையை எடுத்தவர் அவர்தான். தன்னம்பிக்கை வளர்ந்ததா தெரியவில்லை, எலும்பு இரண்டாகிவிட்டது. காலையில் ஷூ மாட்டிக்கொண்டே சொன்னார்: "போனைக் கையில கொடுக்காதே. போரடிக்கட்டும். போரடிச்சாத்தான் மூளை வேலை செய்யும்."

"யார் மூளை?" என்றாள் அவள்.

"இதுக்கெல்லாம் ஆள் வச்சுக் காசு செலவு பண்ண வேண்டியதில்லை. தங்கச்சியை வரச் சொல்லியிருக்கேன். அவ பார்த்துப்பா."

தங்கச்சி, அதாவது இவளுடைய நாத்தனார், வாரக் கடைசியில் பெற்றோர்களுக்குப் பிள்ளை வளர்க்கச் சொல்லித்தருபவள். 'விழித்தெழு பெற்றோரே' என்று வகுப்புக்குப் பெயர். அவளுடைய சொந்த மகன் ஹாஸ்டலில் இருக்கிறான். லீவுக்கும் அங்கேயே ஏதோ முகாமாம்.

பத்து மணிவாக்கில் நாத்தனார் ஒரு பெரிய பையோடு வந்து இறங்கினாள். பாட்டில் மூடிகள், பழைய பேப்பர், நூல்கண்டு. சோபாவின் எதிரே தரையில் சம்மணம் போட்டு, குழந்தையின் கண் மட்டத்துக்கு வந்தாள். அப்படித்தான் பேச வேண்டுமாம். குழந்தை தலையணை மேல் சாய்ந்திருந்ததால் கண் மட்டம் சரியாக அமையவில்லை. அதனால் பாதி எழுந்த நிலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"பைசா செலவில்லாம, அண்ணி. வீட்ல இருக்கிறதே போதும். நீங்க நிம்மதியா போய் வேலையைப் பாருங்க."

"சத்தம் மட்டும் வராம பாத்துக்கோங்க."

"என்ன அண்ணி, நான் எத்தனை பேருக்குச் சொல்லித்தர்றேன்."

கொஞ்ச நேரம் அமைதியாகத்தான் இருந்தது. மிக்ஸி வாங்கிய ஒரு பெண்மணிக்கு அவள் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தபோது ஹாலில் இடி விழுந்தது. அடுத்து இன்னொன்று.

"என்ன மேடம் அங்க, பாத்திரக்கடையா?" என்றாள் மிக்ஸிக்காரி.

கதவைத் திறந்தால், அடுக்களையில் இருந்த அத்தனை பாத்திரமும் ஹாலில் கவிழ்ந்து கிடந்தன. வாலு கரண்டியால் விளாசிக்கொண்டிருந்தாள். நாத்தனார் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தாளம் மூலமா வலியை வெளியேத்துறோம், அண்ணி."

"என்னையும் சேர்த்து வேலையை விட்டு வெளியேத்திடுவீங்க போலிருக்கே."

"நீங்க ரொம்ப டென்ஷனா இருக்கீங்க. அது குழந்தைக்குத் தொத்திக்கும்" என்று சொல்லிவிட்டு, தன் வகுப்புக்கு வேண்டிய படம் கிடைத்துவிட்டதால் நாத்தனார் கிளம்பினாள். பாத்திரங்களை எடுத்துவைக்கும் பகுதி அவளுடைய பாடத்தில் இல்லை.

கம்ப்யூட்டரில் சூப்பர்வைசரின் செய்தி காத்திருந்தது. 'கேட்டது. இதுதான் கடைசி.'

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் அதுவும் வீட்டுச் சத்தம். மேஜை டிராயரைக் குடைந்து, ஒரு காது செத்துப்போன பழைய ஹெட்போனை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள்.

"வாலு, இனிமே நீயும் ஆபீஸ். இந்த வீட்ல இருக்கிற சாமானுக்கெல்லாம் ஆயிரம் குறை இருக்கு. ஃபேன், தலையணை, அந்தப் பூச்சி எல்லாரும் உனக்குத்தான் போன் பண்ணுவாங்க. மெதுவா பேசணும். குரலை உசத்தினா வேலை போயிடும்."

"சம்பளம்?"

"மாசக் கடைசியில."

"உனக்கு யாரு மேலதிகாரி?"

"இனிமே நீதான்" என்றாள், வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பிக்கிற அவசரத்தில்.

அது வேலை செய்தது. அதுதான் அவளுக்கு நம்ப முடியவில்லை. கதவிடுக்கில் காதை வைத்தால் கிசுகிசுப்பாகக் கேட்டது. "சொல்லுங்க ஃபேன் சார். தலை சுத்துதா? எப்போலேர்ந்து?" பிறகு, "பூச்சி மேடம், நீங்க லைன்லயே இருங்க." அவளுடைய அதே குழைவு, அதே பொய்ப் பணிவு. இவ்வளவு கேவலமாகவா பேசுகிறோம் என்று அவளுக்கே கூச்சமாகிவிட்டது. ஆனாலும் மதியம் வரை டம்ளர் அடிக்கவில்லை.

மதியத்துக்குமேல் வந்த ஆள் எடுத்ததுமே எரிந்து விழுந்தார். வாஷிங் மெஷின் உடைத்துக்கொண்டு வீடெல்லாம் தண்ணீராம். காலையிலிருந்து 'ஆள் வந்துட்டிருக்காங்க' என்றே சொல்கிறார்களாம்.

"ஆள் வந்துட்டிருக்காங்க சார்."

"நீங்களும் அதையே சொல்லுங்க. உங்க மேலதிகாரியைக் கூப்பிடுங்க. இப்பவே."

சூப்பர்வைசர் இதே லைனில் மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். வருவாரா? வரமாட்டார். அவள் "சார், ஒரு நிமிஷம்" என்று இழுத்தபோது கதவு திறந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, கட்டுக்காலைத் தரையில் படாமல் தூக்கியபடி வாலு நின்றாள். தலையில் செத்த ஹெட்போன்.

"மேலதிகாரி பேசுறேன். சொல்லுங்க."



"யாருங்க அது?" என்றார் வாஷிங் மெஷின்காரர்.

வேறு லைன் குறுக்கே வந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்வதற்கென்றே கம்பெனி ஒரு வாசகம் வைத்திருந்தது. அது தொண்டை வரைக்கும் வந்தது. பிள்ளை ஒற்றைக்காலில் தள்ளாடிக்கொண்டிருந்தாள்.

"எம் பொண்ணு சார்" என்றாள். "கால் உடைஞ்சிருக்கு. லீவு. பாத்துக்க ஆளில்ல. உங்க வீட்டுக்கு ஆள் எப்ப வருவாங்கன்னு எனக்கு உண்மையிலேயே தெரியாது."



"மேலதிகாரிகிட்ட குடுங்க" என்றார் அவர்.

மகளை இழுத்து மடியில் உட்காரவைத்து, தன் ஹெட்போனின் ஒரு பக்கத்தை அவள் காதில் வைத்தாள். கட்டுக்காலை மேஜை மேல் ஏற்றினாள்.

"சொல்லுங்க சார்."

"எங்க வீட்ல தரை முழுக்கத் தண்ணி, மேடம். நானும் காலைத் தூக்கி நாற்காலி மேல வச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன்."

"உங்களுக்கும் உடைஞ்சிருக்கா?"

"இல்ல. நனையும்."

"எனக்கும் கட்டு நனையக் கூடாது" என்றாள் வாலு. அப்புறம் குரலைத் தாழ்த்தி, ஆபீஸ் முறைப்படி, "எனக்கும் ஒரு புகார் இருக்கு சார். எங்க அம்மா காலையிலேர்ந்து ஒரு நிமிஷம் ஒரு நிமிஷம்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. ஆள் வரவே இல்ல."

திரையில் சூப்பர்வைசரின் பெயருக்குப் பக்கத்தில், அவர் ஏதோ எழுதிக்கொண்டிருப்பதைக் காட்டும் புள்ளிகள் துள்ளின. நின்றன. மறுபடி துள்ளின. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மகளின் உச்சந்தலை வியர்வை வாசம் மூக்கில் ஏற, எங்கேயோ ஒரு வீட்டில் முகம் தெரியாத ஒரு மனிதர் நாற்காலியிலிருந்து காலை இறக்குவதையும், சளக் சளக் என்று தண்ணீரில் நடப்பதையும், ஒரு குழாய் கிரீச்சிட்டுத் திருகி மூடப்படுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.