இனிப்பில்லாத உக்காரை

எங்கள் வீட்டுச் செட்டியாருக்கு வாயை அடக்கத் தெரியாது. தின்பதிலும் தெரியாது, பேசுவதிலும் தெரியாது. ரங்கூனில் கடை பார்த்த காலமெல்லாம் டின் பாலில் சர்க்கரையைக் கொட்டிக் குடித்துவிட்டு, நீரிழிவோடு கப்பலேறி வந்தார். மற்றவர்கள் பர்மாத் தேக்கு கொண்டுவந்தார்கள். இவர் கொண்டுவந்தது இது. கொல்லையில் அவர் ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்த பிறகுதான் எனக்கே விஷயம் தெரிந்தது.

வைத்தியர் சிறுகுறிஞ்சான் இலைப்பொடி கொடுத்தார். வேலியில் படர்கிற சாதாரணக் கொடிதான். ஆனால் அதைச் சாப்பிட ஆரம்பித்ததும் தாகம் குறைந்தது, கால் எரிச்சல் தணிந்தது, எறும்புகளும் வேறு வீடு பார்த்துக்கொண்டன. பொடியை மோரில் கலக்கி ஒரே மடக்காக விழுங்க வேண்டும், நாக்கில் தங்கினால் அப்புறம் இனிப்பு ருசி தெரியாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். வியாதியை வெளியே சொல்லவில்லை. எங்கள் மகள் மெய்யம்மைக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம்.

கண்டரமாணிக்கம் மெய்யநாதன் செட்டியார் மகன் ஜாதகம் பொருந்தியது. கோயிலில் அந்தப் பையனைப் பார்த்ததிலிருந்து மெய்யம்மை காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். பேசி முடிக்க நாங்கள் இருவரும் ஆத்தங்குடியிலிருந்து வில்வண்டியில் போனோம். ஊர் நெருங்கும்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கண்மாய்க் கரையில் நிறுத்தினார்கள். இவர் இறங்கிப் போய் எதையோ மென்றுகொண்டு வந்தார். வெற்றிலை என்று நினைத்து நானும் கேட்கவில்லை.

சம்மதம் இல்லாத வீட்டில் சாப்பிட்டுக் கை நனைக்க மாட்டோம். நனைத்தால் சம்பந்தம் உறுதி என்று பொருள். பேச்செல்லாம் நல்லபடியாக முடிந்து, மாப்பிள்ளையின் தாயார் நீலாயதாட்சி ஆச்சி பருப்பும் வெல்லமும் சேர்த்துத் தன் கையால் கிண்டிய உக்காரையை வெள்ளிக் கிண்ணங்களில் வைத்தார். நெய் மணத்திலேயே எனக்குப் பாதி வயிறு நிறைந்தது. இவர் ஒரு வாய் போட்டார். முகம் கோணியது.

“என்ன ஆச்சி, வெல்லம் போட மறந்துட்டீகளா? வெறும் பருப்பாவுல இருக்கு!”

கிண்ணத்தையும் கீழே வைத்துவிட்டார்.

“பொண்ணு குடுக்கப் பிடிக்கலைன்னா நேராச் சொல்லுங்க,” என்றார் நீலாயதாட்சி ஆச்சி. “என் கைப்பக்குவத்த எதுக்கு இழுக்குறீக?”

மெய்யநாதன் செட்டியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவசரமாக நான் ஒரு வாய் போட்டுப் பார்த்தேன், தேனாக இனித்தது. இவரோ பேந்தப் பேந்த விழித்து, “நெசமாத்தான் சொல்றேன்” என்று இளித்தார். பல்லெல்லாம் பச்சை. வெற்றிலை போட்ட வாய் சிவந்தல்லவா இருக்கும்!

“கண்மாய்க் கரையில என்னத்த மென்னீக?” என்று அவர் காதில் கேட்டேன்.

“பொடிய மறந்துட்டேன். வேலியில கொடி கெடந்துச்சு. பச்ச எலை இன்னும் ஒசத்தின்னு...” மடியிலிருந்து மிச்ச இலையையும் காட்டினார்.

சொன்னால் வியாதி வெளியே வரும். சொல்லாவிட்டால் சம்பந்தம் போகும். வீட்டில் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் மெய்யம்மையை நினைத்ததும் அழுகை வந்தது. வருவது வரட்டும் என்று இலையை வாங்கி நீட்டினேன்.

“ஆச்சி, இவுகளுக்கு நீரிழிவு. மறைச்சது தப்புத்தான். ஆனா உங்க உக்காரையில ஒரு குத்தமும் இல்ல. இந்த எலைய மென்னுட்டு நீங்களே ஒரு வாய் போட்டுப் பாருங்க.”

ஆச்சி சந்தேகத்தோடு மென்றார். கசப்பில் முகத்தைச் சுளித்துவிட்டு உக்காரையை வாயில் போட்டார். “அடியாத்தீ, மண்ணத் திங்கிறாப்புல இருக்கே!” என்றவர் சட்டென்று தன் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். கோபித்துக்கொண்டிருந்த மெய்யநாதன் செட்டியார் அதற்குள் இரண்டாவது கிண்ணத்தில் இருந்தார்.

“இவுகளுக்கும் அதே நீரிழிவுதான் ஆச்சி, எங்க கொல்லையெல்லாம் எறும்பு,” என்றார் நீலாயதாட்சி ஆச்சி குரலைத் தாழ்த்தி. “உங்களுக்குத் தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டீகளேன்னு நாங்களும் வாயத் தெறக்கல. அந்த மிச்ச எலையக் குடுங்க.”

வாங்கித் தன் வீட்டுக்காரர் வாயில் திணித்தார். பாவம், மனிதர் மறுபேச்சில்லாமல் மென்றார்.

எல்லாம் சரிதான், ஆனால் எங்கள் வீட்டுச் செட்டியார் கீழே வைத்த கிண்ணம் கீழேயே இருந்தது. நான் அவரைப் பார்த்தேன்; பல்லில் பச்சை இன்னும் போகவில்லை. அவர் கிண்ணத்தை எடுத்தார், ஒரு வாய் அள்ளிப் போட்டார், கண்ணை மூடி மெதுவாக மென்று விழுங்கினார்.

“தேனா இருக்கு ஆச்சி,” என்றார்.