மூன்றாம் வளைவில் கோப்பி

8 ஜூன் 2025, ஞாயிறு. இன்று ஒரு சின்னத் தப்பு செய்துவிட்டேன். மூன்றாம் வளைவில் கோப்பி படுத்தபோது கயிற்றைப் பிடித்து இழுத்தேன். இழுக்கவே கூடாது என்று நான்கு வகுப்பிலும் சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஒரு முறைதான், மெதுவாகத்தான். 'மெதுவாக' என்று எழுதுவதுகூட எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானமோ என்னவோ. படுத்தது 8.10. தூக்கிக்கொண்டு இறங்கியது 9.02. தானாக எழுந்திருக்கவில்லை.

எழுதியதை லோகேஸ்வரி இன்னொரு தடவை படித்துப் பார்த்தாள். 9.02ஆ, 9.03ஆ என்று சந்தேகம் வந்தது. கைப்பேசியில் சரிபார்த்துவிட்டு அப்படியே விட்டாள்.

பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், சர்க்யூட் பலகைகளைப் பெரிதாக்கும் கண்ணாடி வழியே பார்த்து, பழுதானதைத் தனியே வைத்து எண்ணிக்கை எழுதுவது அவள் வேலை. பகலெல்லாம் எழுதுகிறவள் வீட்டுக்கு வந்தும் எழுதினாள். எழுதாவிட்டால் நடந்தது மறந்துபோகும் என்று ஒரு பயம். எழுதினால் தப்பாக எழுதிவிட்டோமோ என்று இன்னொரு பயம். வாரத்தில் இரண்டு மாலை நடக்கும் நாய்ப் பயிற்சி வகுப்பில் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்காருகிறவள் அவள் ஒருத்திதான்.

கோப்பி அவள் வளர்த்த நாய் இல்லை. பால் ஊற்றாத கோப்பி நிறத்தில் இருந்ததால் அண்ணன் மோகனராஜ் வைத்த பெயர் அது. பிறை என்ற ஊரில் லாரிகளுக்கு நேரம் போட்டு அனுப்பும் வேலை அவனுக்கு. சனிக்கிழமை ஆனால் நாயும் அவனுமாக ஏதாவதொரு மலையில் இருப்பார்கள்.

தைப்பூசம் கழிந்து இரண்டாவது சனிக்கிழமை, ஆயர் ஈத்தாம் அணைக்கு மேலே போகும் பாதையில், மூன்றாம் வளைவில் மோகன் பாதையை விட்டுக் கீழே இறங்கியிருக்கிறான். எதற்கு என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஈர இலையில் கால் வழுக்கியது. ஓடைக்கல்லில் தலை அடிபட்டது. மறுநாள் காலையில்தான் கண்டுபிடித்தார்கள். அப்போதும் கோப்பி மேலே பாதையில் படுத்தபடியே இருந்தது. முதல் நாள் சாயங்காலம் ஒரு சீனப் பெண்மணி அதைத் தாண்டியே நடந்து போயிருக்கிறார். எவ்வளவு சமத்தாகப் படுத்திருக்கிறது, சொந்தக்காரர் பக்கத்தில்தான் இருப்பார் என்று நினைத்தாராம். போலீசிடம் அழுதுகொண்டே சொன்னார்.

அந்தச் சமத்தை அம்மாவால் மன்னிக்க முடியவில்லை.

"ஒரு சத்தம் போட்டிருந்தா போதும்டி. குலைக்கறதுக்குத்தானே நாயி? சோறு போட்டவன் கீழ கெடக்கான், இது மேல சொகமா படுத்திருக்கு."

நான்கு மாதமாக அம்மா அதற்குத் தட்டு வைக்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவுமில்லை. வரும் ஞாயிறு, பதினைந்தாம் தேதி, மாக் மண்டினில் பட்டறை வைத்திருக்கும் தயாளன் மாமா வேன் கொண்டுவந்து ஏற்றிப் போவதாக ஏற்பாடு. பட்டறை வாசலில் காவலுக்குக் கட்டிப் போடுவார். மாமா கெட்டவர் இல்லை. ஆனால் சங்கிலி இரண்டு மீட்டர்தான். லோகேஸ்வரி போய் அளந்து பார்த்திருந்தாள்.

மற்றப் பாதைகளில் கோப்பியைப் போல நல்ல பிள்ளை கிடையாது. குரங்குக் கூட்டம் குறுக்கே வந்தாலும் நின்று அவள் முகத்தைப் பார்க்கும், ஈரல் துண்டை வாங்கிக்கொள்ளும், நடக்கும். அந்த ஒரு வளைவில் மட்டும் கால்கள் தாமாக மடங்கிவிடும். முகவாயை மண்ணில் வைத்து, ஓடை இருக்கும் பக்கம் கண்ணை நட்டுவிடும். ஈரலை மூக்கடியில் நீட்டினாலும் பார்க்காது. மீட்புப் படையினர் கட்டிவிட்டுப் போன மஞ்சள் நாடாவின் ஒரு துண்டு அங்கே இன்னும் மரத்தில் தொங்கியது. காற்றே இல்லாத நேரத்தில், கீழே எதுவுமே அசையாதபோது, கோப்பியின் வால் தரையில் ஒரே ஒரு முறை தட்டும். யாரோ வருவதைப் பார்த்துவிட்ட மாதிரி.

அந்தத் தட்டலை அவள் நோட்டில் எழுதவில்லை. எழுதினால் அது நடந்ததாகிவிடும்.

செவ்வாய்க்கிழமை வகுப்பு, பொது மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் பந்தாட்டத் திடலில். பயிற்சி கொடுப்பவர் கார்த்திகேசு. அவளைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். அடிக்காமல், அதட்டாமல், செய்ததற்குத் தீனி கொடுத்துப் பழக்குவது அவர் முறை.

"என்னா தங்கச்சி, இன்னிக்கி எத்தன பக்கம்? பேக்டரி ரிப்போர்ட் மாதிரி எழுதுற, உன் நாயி ரிஜெக்ட்டா பாஸா?"

"தெரியலண்ணே. அதான் எழுதறேன்."

அன்று 'இரு' பழக்கினார்கள். பழுப்பு நிற நாய் ஒன்றை அதன் சொந்தக்காரர் படுக்க வைத்தார். "இரு" என்றார், மண்டபத்தைச் சுற்றி மறைந்து போனார். நாய் முகவாயைத் தரையில் வைத்து, அவர் மறைந்த மூலையையே பார்த்துக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் பையன்கள் பந்து அடித்தார்கள், மோட்டார் சைக்கிள் போனது, அது அசையவில்லை. ஒரு நிமிடம் கழித்து வால் தரையில் ஒரு முறை தட்டியது.

லோகேஸ்வரி எழுதுவதை நிறுத்தினாள்.

"அண்ணே, அவரு திரும்பி வரலன்னா?"

"பசிச்சா எழுந்துக்கும் லா," என்று சிரித்த கார்த்திகேசு, அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். விஷயத்தைக் கேட்டு முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "நல்லாப் பழகின நாயி ரொம்ப நேரம் இருக்கும். குலைக்காது. குலைச்சா தப்புன்னு அதுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாங்க. உங்க அண்ணன் நல்லாவே சொல்லிக் கொடுத்திருக்காரு."

வீட்டுச் சாமி மேடையில், மோகனின் படத்துக்குப் பக்கத்தில், அவனுடைய கைப்பேசி இருந்தது. அம்மா தினமும் விளக்கேற்றியதும் அதற்கு மின்னூட்டம் போடுவாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. புதன்கிழமை மாலை அம்மா அடுப்படியில் இருந்தபோது லோகேஸ்வரி அதை எடுத்துத் தன் அறைக்குப் போனாள்.

தேடியது சீக்கிரமே கிடைத்தது. போன வருடத்துக் காணொளி. அதே வீட்டுக் கூடம். கோப்பி படுத்திருக்கிறது. "இரு," என்கிறது அண்ணனின் குரல். காலடி விலகுகிறது. பிறகு மூன்று நிமிடம் நாயும் வெறும் தரையும் மட்டும். பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு, அண்ணன் அந்தப் படச் சட்டத்துக்கு வெளியே எங்கோ நின்றுகொண்டிருக்கிறான் என்ற நினைப்பே போதுமாயிருந்தது. திடீரென்று பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவது போல அவன் குரல் பளிச்சென்று கேட்டது.

"ஜோம்டா கோப்பி!"

கதவு படாரென்று திறந்தது. கோப்பி உள்ளே பாய்ந்து கட்டிலடியில் பார்த்தது, அலமாரிக்குப் பின்னால் மூக்கை நுழைத்தது, ஜன்னலில் ஏறி நின்றது. அதன் பின்னாலேயே அம்மா, கையில் கரண்டியோடு.

"மோகனா?"

இரண்டு பேரும் அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் அந்த இரண்டு முகமும் ஒரே மாதிரி இருந்தன.

"சொல்லிட்டுப் போடக் கூடாதாடி?" என்றாள் அம்மா. கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

லோகேஸ்வரி மன்னிப்புக் கேட்கவில்லை. கைப்பேசியை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா நின்றபடியே முழுவதையும் பார்த்தாள். மூன்று நிமிடமும்.

"இது சும்மா படுத்துக் கெடக்கலம்மா. அண்ணே இருன்னு சொல்லிட்டு எறங்கியிருக்கு. அண்ணே கூப்பிடும்னு இது நெனச்சிருக்கும்."

"அவன் எதுக்கு இருன்னு சொல்லணும்?"

"பள்ளம்மா. இதுவும் பின்னாடியே எறங்கி விழுந்துடுமேன்னு இருக்கும்."

கோப்பி வெளிவாசல் கேட்டைப் பிறாண்டத் தொடங்கியிருந்தது. அன்று அது சாப்பிடவில்லை. அம்மாவும் சாப்பிடவில்லை.

'வா, போகலாம்' என்பதற்கு மலாயில் சொல்லும் 'ஜோம்' என்ற சொல்லை லோகேஸ்வரி முன்பே வளைவில் சொல்லிப் பார்த்தவள்தான். நோட்டில் பதினோரு சொற்களின் பட்டியல் இருந்தது, எல்லாவற்றுக்கும் எதிரே பெருக்கல் குறி. ஆக, சொல் சரி. சொன்ன ஆள்தான் வேறு.

வியாழக்கிழமை அவள் கார்த்திகேசுவிடம் கேட்டாள். "அந்தக் குரலை வளைவுல போட்டுக் காட்டலாமாண்ணே?"

"போடலாம். எழுந்துக்கும். எழுந்து எங்க ஓடும்?"

அவள் நோட்டை மூடினாள்.

"கீழதான் ஓடும். ஓடிப்போய் யாரைப் பாக்கும்? கூப்பிட்ட குரல் அங்க இருந்து தட்டிக் கொடுக்கணும், தீனி போடணும். இல்லன்னா கூப்பிடாத." கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே யோசித்தார். "உங்க அண்ணன் எப்பவும் கூப்பிட்டுத்தான் முடிச்சிருக்காரு. இன்னொரு வழி இருக்கு. விட்டுட்டுப் போனவங்க திரும்பி நடந்து வந்து, படுத்த இடத்துலயே தீனி வச்சி முடிக்கறது. வீட்ல பழக்கு. நீ போ, நீ வா. அப்புறம் மலைக்குப் போ."

"வளைவுல அது என்னையப் பாக்கவே மாட்டேங்குதுண்ணே. கீழயே பாக்குது."

"அப்ப கீழ இருந்து வா."

எளிதாகச் சொல்லிவிட்டார். அந்த நாடாவுக்கு அப்பால் ஒரு தடவைகூட அவள் எட்டிப் பார்த்ததில்லை என்பது அவருக்குத் தெரியாது. வியாழனும் வெள்ளியும் கூடத்தில் நாற்பது முறை போனாள், வந்தாள். நாற்பதில் முப்பத்தேழு சரி. வீட்டில் சரியாக வந்தது மலையில் வருமா என்று அதற்குக் கீழே ஒரு கேள்விக்குறி போட்டாள்.

சனிக்கிழமை காலை அவள் கிளம்பும்போது அம்மா புடவையை மாற்றிக்கொண்டு காரின் பின்கதவைத் திறந்து ஏறினாள். காலில் ரப்பர் செருப்பு, மடியில் கைப்பை.

"அம்மா, வழுக்கும்."

"ஓட்டு."

வளைவுக்கு ஏற அரை மணி நேரம் ஆகும். அம்மாவோடு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அம்மா எங்கும் உட்காரவில்லை. மூன்றாம் வளைவு வந்ததும் கோப்பியின் கால்கள் மடங்கின. முகவாய் மண்ணைத் தொட்டது. அம்மா நாயைப் பார்த்தாள், நாய் பார்க்கும் பக்கத்தைப் பார்த்தாள், மஞ்சள் நாடாவைப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து மோகனின் கைப்பேசியை எடுத்தாள்.

"போடு. அவனே கூப்பிடட்டும்."

"வேணாம்மா."

"ஒரு தடவடி. நாயி எழுந்துக்கும்ல? நாளைக்கி ஒன் மாமா வரப்போ சொல்லலாம்ல, எழுந்துக்குதுன்னு?"

அம்மா நாய்க்காகப் பேசுகிறாள் என்பது லோகேஸ்வரிக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. அதற்குள் அம்மாவின் விரல் திரைக்கு மேல் போய்விட்டது. லோகேஸ்வரி அந்தக் கையைப் பிடித்தாள். வாழ்நாளில் அம்மாவின் கையை அவள் அப்படிப் பிடித்ததில்லை.

"கீழ ஓடும்மா. ஓடித் தேடும். அன்னிக்கி வீட்ல எப்பிடித் தேடுச்சின்னு பாத்தீங்கல்ல? நீங்களும்தானே தேடுனீங்க?"

அம்மா விரலை எடுத்தாள். கைப்பேசியைத் திரும்பப் பைக்குள் போட்டு, மூடி, அந்தப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வேர் ஒன்றின்மேல் உட்கார்ந்தாள்.

"கயித்தப் புடிச்சிக்குங்க. இழுக்காதீங்க."

லோகேஸ்வரி நாடாவுக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போனாள். கொடியைப் பிடித்து ஓர் அடி, வேரில் கால் வைத்து இன்னோர் அடி. கீழே ஓடை தெரிந்தது. சாதாரண ஓடை. கல், தண்ணீர், ஒரு பிளாஸ்டிக் போத்தல். எதைக் காணப் பயந்தாளோ அது அங்கே இல்லை. ஆனால் முதுகுப்புறம் யாரோ பொறுமையாக நிற்பது போலிருந்தது. ஏழு அடி இறங்கினாள். திரும்பினாள். ஈரல் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறி வரத் தொடங்கினாள்.

கோப்பியின் வால் தட்டியது. ஒரு முறை. பிறகு இன்னொரு முறை. பிறகு நிற்கவே இல்லை. காய்ந்த இலைகள் பறந்தன. அதன் கண் லோகேஸ்வரியின் முகத்தில் இல்லை. அவளுடைய இடது தோளுக்குச் சற்று மேலே, அவளைவிட அரை அடி உயரமான ஒருவரின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நாடாவைக் கடந்து வந்து மண்டியிட்டு, முன்னங்கால்களுக்கு நடுவில் ஈரலை வைத்தாள். தலையைத் தடவினாள்.

கோப்பி தின்றது. நான்கு மாதத்தில் அந்த இடத்தில் அது எதையாவது வாயில் வைத்தது அன்றுதான்.

பிறகு எழுந்தது. உடம்பை உதறிக்கொண்டது. உட்கார்ந்திருந்த அம்மாவிடம் போய்க் கையை முகர்ந்தது.

"நீ பாவம்டா கோப்பி," என்றாள் அம்மா. கயிற்றைப் பிடித்துக்கொண்டே எழுந்தாள். மேலே பாதையில் இருபது முப்பது அடி மூவரும் நடந்தார்கள்.

இறங்கும்போது வளைவில் கோப்பி மறுபடி படுத்தது. லோகேஸ்வரி இன்னொரு முறை இறங்கி ஏறி வந்தாள், ஈரல் வைத்தாள். தின்றது. எழவில்லை. ஓடையைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அவள் அதைத் தூக்கிக்கொண்டாள். முன்னால் போன அம்மா செருப்பு வழுக்கி இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தாள். இரண்டாவது தடவை உட்கார்ந்த இடத்திலிருந்தே தயாளன் மாமாவுக்குப் போன் போட்டாள்.

"தயாளா, நாளைக்கி வேன் எடுத்துட்டு வராத... இல்ல, ஒண்ணும் ஆகல. அது இன்னும் பழகிட்டு இருக்கு. பாதியிலே அனுப்ப முடியாது. என்னா? எவ்ளோ நாளா? எனக்கென்னடா தெரியும், ஒன் மருமவ நோட்டுலதான் எழுதுறா, அவளக் கேளு."

14 ஜூன் 2025, சனி. ஏறும்போது எழுந்தது, 11 நிமிடம். இறங்கும்போது எழவில்லை. 20 நிமிடம் கழித்துத் தூக்கி வந்தேன். இரண்டில் ஒன்று. நான் ஏறி வந்த வேகம் இரண்டாம் முறை கூடிவிட்டதோ என்று சந்தேகம். வால் தட்டியது, முதல் முறை பலமுறை, இரண்டாம் முறை ஒன்று. என் தோளுக்கு மேலே பார்த்தது. இதையும் எழுதி வைக்கிறேன்.

நாளை: ஏழு மணிக்கு பாசாரில் அரைக் கிலோ கோழி ஈரல் வாங்கி அவிக்க வேண்டும். அம்மாவுக்கு வழுக்காத சப்பாத்து, அளவு ஐந்து. ஒன்பது மணிக்கு மூன்றாம் வளைவு. ஏழு அடி இறங்கி, மெதுவாக ஏறி வர வேண்டும். ஐந்து முறை.