செவலையின் வால்முடி

சிக்கெடுக்கத்தான் குதிரைக்குட்டியின் வாலைப் பிடித்தாள் பத்மாவதி. இழுக்கக்கூட இல்லை. ஒரு கத்தை முடி அப்படியே உள்ளங்கையோடு வந்துவிட்டது. யாரும் பார்த்துவிட்டார்களோ என்று சுற்றும் முற்றும் பார்த்தாள். முடியைச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டுக்காரர் கண்ணில் பட்டால் வந்தது வினை.

வீட்டுக்காரர் பங்காருசாமிக்குச் சின்ன வயதிலிருந்தே குதிரை ஆசை. இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்து, அன்னூருக்கு வடக்கே இருந்த அந்தத் தோட்டத்து வீடு வெறிச்சென்று ஆன பிறகு, ஆடி மாதம் ஒருநாள் கோயமுத்தூர் கோட்டைமேட்டுப் பஷீர் பாயிடமிருந்து இந்தக் குட்டியை வாங்கி வந்தார். எட்டு மாதப் பெண்குட்டி. செவலை நிறம், பெயரும் செவலை. கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிற பாய், தன் வீட்டில் பிறந்த குட்டியைத் தன் கையாலேயே இறக்கிக் கட்டிவிட்டுப் போனார். பங்காருசாமி முதல் மாதம் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் குட்டியைக் காட்டினார். ஆம்பளை ஆசை அத்தோடு தீர்ந்தது. சாணி அள்ளுவது, தண்ணி காட்டுவது, தேய்த்துவிடுவது எல்லாம் பத்மாவதி தலையில் வந்து விடிந்தன.

அவளும் அதைச் சுமையாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண்பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிட்ட கைகள். ஆறு வருடமாக வேலையில்லாமல் கிடந்தவை. காலையில் தேங்காய் நாரால் உடம்பு முழுக்கத் தேய்த்துவிடுவாள். வாரத்துக்கு ஒருநாள் அரப்புப் போட்டுப் பிடரியை அலசுவாள். வால்முடியை விரலாலேயே பிரித்துப் பிரித்துச் சிக்கெடுப்பாள். ஊறவைத்த கொள்ளும் காய்ந்த சோளத்தட்டும் புல்லும் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று பாய் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். விலா எலும்பு தெரிகிற பிள்ளைக்கு வெறும் தட்டைப் போடச் சொல்கிறாரே, இந்த மனுஷனுக்கு மனசு வருமா என்று அவளுக்குப் பட்டது. ஐப்பசி பிறந்ததும் மேட்டுப்பாளையம் மண்டியில் கழித்துப்போட்ட கேரட், ஒரு கை ஆளிவிதை, வெல்லம், வேலியோரம் நின்ற சவுண்டல் மரத்து இலை என்று அவள் பங்குக்கு ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். செவலையும் வாயை வைத்தால் எடுக்காது.

கார்த்திகையில் முடி கொட்ட ஆரம்பித்தது. மார்கழியில் பிடரி, சவரம் செய்த கழுத்து மாதிரி ஆகிவிட்டது. வால், பெருக்கிப் பெருக்கித் தேய்ந்த விளக்குமாறு. உடம்பில் இருந்த மினுமினுப்பும் போய்ச் செம்மண் அப்பியதுபோல ஆகிவிட்டது. மாட்டு டாக்டர் வந்து முடியை விலக்கி விலக்கிப் பார்த்தார். தோல் சுத்தமாக இருக்கிறது, சொறி இல்லை, பேனும் இல்லை, எதனால் என்று தமக்குப் பிடிபடவில்லை என்று உள்ளதைச் சொல்லி, ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். பத்மாவதி டானிக்கும் ஊற்றினாள், வேப்பெண்ணெயும் தடவினாள். கொட்டுகிற முடி கொட்டிக்கொண்டேதான் இருந்தது. பிள்ளை தேறட்டும் என்று கேரட்டையும் இலையையும் இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? பக்கத்துத் தோட்டத்துத் திருமலைசாமிக்கு எட்டுக் கறவை மாடு. அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, இது சொறிதான், தம் மாடுகளுக்கும் தொற்றிக்கொள்ளும், பொதுத் தொட்டியில் இதைத் தண்ணி குடிக்கவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பங்காருசாமிக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாளே டி.வி.எஸ். 50-ஐ எடுத்துக்கொண்டு நேராகக் கோட்டைமேடு போனார். பாய் வீட்டு வாசலில், தெருவில் பத்துப் பேர் பார்க்க, சொறி பிடித்த குட்டியைத் தலையில் கட்டிய ஏமாற்றுக்காரன் என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு வந்தார். பாய் குரலை உயர்த்தவில்லையாம். தைமாசக் கல்யாணங்கள் முடியட்டும், மாசி முதல் ஞாயிற்றுக்கிழமை வேன் கொண்டுவந்து குட்டியைத் திருப்பி ஏற்றிக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னாராம்.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது பங்காருசாமி முகத்தில் ஜெயித்த களை. பத்மாவதிக்குத்தான் சோறு இறங்கவில்லை. மாசி முதல் ஞாயிறு. விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அதற்குள் முடி முளைத்துவிட்டால் அவர் மனசு மாறும். முளைக்காவிட்டால் குட்டி போய்விடும். அப்புறம் இந்த வீட்டில் காலையில் எழுந்து அவள் என்னதான் செய்வாள்?

வேலைக்கு வருகிற சென்னியம்மாள்தான் கண் பட்டிருக்கும் என்ற சந்தேகத்தைக் கிளப்பிவிட்டாள். ஊரான் கண்ணைவிட வளர்க்கிறவள் கண்ணுக்குக் கொள்ளி அதிகம் என்றாள். பத்மாவதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. உண்மைதானே? ஐப்பசியில் ஒருநாள் இவள்தானே பிடரியை நீவிக்கொண்டே, எம் புள்ளையாட்டம் எந்தக் குதிரைக்கு முடி இருக்குது என்று வாய்விட்டுச் சொன்னாள்! உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். அது போதாது என்று பட்டது. தை பிறந்த அன்றிலிருந்து குட்டியைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

சொன்னால் சிரிப்பீர்கள், அவளுக்கு அது விரதம். கொட்டகைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. பங்காருசாமி முணுமுணுத்துக்கொண்டே இரண்டு கட்டுத் தட்டையும் ஒரு வாளிக் கொள்ளையும் கொண்டுபோய்ப் போட்டார்; அதற்குமேல் அவருக்குப் பொறுமை கிடையாது. காலையில் இவள் வளையல் சத்தம் கேட்டால் குட்டி கனைக்கும். இவள் அடுக்களையில் பாத்திரத்தைப் போட்டு உருட்டுவாள், அந்தக் கனைப்பு காதில் விழாதிருக்க. சில நாள் உருட்டியும் விழுந்தது. அப்போதெல்லாம் அழுகையாக வந்தது.

பதினெட்டாம் நாள் சென்னியம்மாள் ஓடிவந்தாள்.

"அம்மணி, பிடரில பூனமுடியாட்டம் மொளச்சிருக்குதுங்க. தடவுனா மெத்துனு இருக்குது."

பத்மாவதி சிரித்தாள், உடனே கண் நிறைந்துவிட்டது. முடி முளைத்துவிட்டது. அப்படியென்றால் பீடை அவள் கண்தான். அவள் பார்த்தால் கெடும், பார்க்காவிட்டால் தேறும். பெற்ற பிள்ளையைப்போல வளர்த்தவளுக்கு இதைவிட என்ன தண்டனை வேண்டும்? போகட்டும், உயிரோடு இந்தத் தோட்டத்தில் இருந்தால் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். கண் படத்தானே கூடாது, கை படலாமே என்று ஒரு யோசனையும் கூடவே வந்தது. அன்றே சவுண்டல் இலையில் ஒரு கட்டு ஒடித்து, குட்டிக்குப் போடச் சொல்லிச் சென்னியம்மாளிடம் கொடுத்தனுப்பினாள். ஆடுகள் இதைத் தின்று ஒரே மாதத்தில் எப்படிக் கொழுக்கின்றன! புதுமுடிக்குச் சத்து வேண்டாமா? தினமும் காலையில் ஒரு கட்டு, சாயந்தரம் ஒரு கட்டு.

மாசி முதல் ஞாயிறு வந்தது. அன்று காலையில் சென்னியம்மாள் ஓடி வரவில்லை. மெதுவாக வந்து, அடுக்களை வாசலில் நின்று, மூடியிருந்த கையைப் பிரித்துக் காட்டினாள். உள்ளங்கை நிறைய இளமுடி, பஞ்சுபோல.

"பாதிப் பிடரி போச்சுங்க அம்மணி. ரெண்டு நாளா கொட்டுது. உங்களுக்கு எப்பிடிச் சொல்றதுன்னு இருந்துபோட்டேன்."

பத்மாவதி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் பார்க்கவே இல்லையே என்றாள் தனக்குத்தானே. சத்தியமாக ஒருநாள்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் கண் எப்படிப் பட்டது? கண் படவில்லை. அவளிடமிருந்து குட்டிக்குப் போனது ஒன்றே ஒன்றுதான். ஐப்பசியில் இலை போட்டாள், கார்த்திகையில் கொட்டியது. தையில் அவள் போகவில்லை, அவர் தட்டும் கொள்ளும்தான் போட்டார், முடி முளைத்தது. இலை மறுபடி போனது, முடியும் போயிற்று. கேரட் இல்லை, ஆளிவிதை இல்லை, வெல்லம் இல்லை. இந்தத் தடவை இலை மட்டும்தான்.

எழுந்து கொட்டகைக்கு ஓடினாள். ஒரு மாதத்துக்கு அப்புறம் பார்க்கிறாள். செவலை இவளைக் கண்டதும் கனைத்துக்கொண்டு முகத்தைக் கொண்டுவந்து தோளில் வைத்தது. அதன் வாய் ஓரத்தில் பச்சை. தொட்டியில் மீதி இருந்த இலையை வாரி வெளியே வீசினாள். ஆட்டுக்கு ஒத்துக்கொண்டது குதிரைக்கும் ஒத்துக்கொள்ளும் என்று யார் சொன்னது? ஒருத்தரும் சொல்லவில்லை. அவளாகவே நினைத்துக்கொண்டது. பாவி, என் கையாலேயே செய்தேனே என்று குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

வாசலில் வேன் சத்தம் கேட்டது.

பஷீர் பாய் தாமே ஓட்டி வந்திருந்தார். பின்னால் குட்டி நிற்க வைக்கோல் பரப்பியிருந்தது. பங்காருசாமி கைகட்டி நின்றார். திருமலைசாமி வேலியோரம் வந்து, வேலை இருப்பதுபோல எதையோ குனிந்து தேடிக்கொண்டிருந்தார். பத்மாவதி முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, மூன்று பேர் காதிலும் விழும்படி ஒன்றுவிடாமல் சொன்னாள். இலை போட்டது, நிறுத்தியது, மறுபடி போட்டது எல்லாம்.

பாய் கொட்டகைக்குள் போய்க் குட்டியின் காலைத் தூக்கிக் குளம்பைப் பார்த்தார். குளம்பைச் சுற்றி வரிவரியாக மேடு கட்டியிருந்தது. பொள்ளாச்சிப் பக்கம் சவுண்டல் மரத்தடியில் கட்டிய ஒரு குதிரைக்கும் முடி கொட்டிக் குளம்பு இப்படியே ஆயிற்று, அப்போது யாருக்கும் காரணம் தெரியவில்லை, இப்போதுதான் தமக்கு விளங்குகிறது என்றார். இலையை நிறுத்தினால் மூன்று நாலு மாதத்தில் பிடரி பழையபடி வந்துவிடும், வால் நீளத்தான் வருடமாகும் என்றார். பத்மாவதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பாய் பங்காருசாமியைப் பார்த்துத் திரும்பினார்.

"அப்ப குட்டி இங்கயே இருக்கட்டுங்க. ஆனா எங்க தெருவுல நின்னு நீங்க சொன்ன சொல்லு இருக்குதுங்களே, அத என்னங்க பண்றது? மூணு கல்யாண வீட்டுக்காரங்க எங்கிட்ட வராம வேற குதிரைக்குப் போயிட்டாங்க. அங்க வந்து, அதே வாசல்ல நின்னு, சொறி இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. இல்லாட்டி குட்டிய நான் ஏத்திக்கிறேனுங்க. முடி மொளைக்க வெச்சு, அந்தத் தெருவுல நடத்திக் காட்டுனாத்தான் எம் பேரு எனக்கு வரும்."

நியாயம்தான். பங்காருசாமிக்கும் அது தெரிந்தது. தெரிந்ததனால்தான் முகத்தில் ஈயாடவில்லை. வேலியைப் பார்த்தார், திருமலைசாமி தேடுவதை நிறுத்தியிருந்தார். பெண்டாட்டி பக்கம் திரும்பி, பாய்க்குப் புரியக்கூடாது என்று தாங்கள் வீட்டில் பேசும் தெலுங்கில், குட்டி போனால் போகட்டும், என்னால் அங்கே போய் நிற்க முடியாது, ஏற்றிக்கொள்ளச் சொல் என்றார். ஊர் ஊராகக் குதிரை வியாபாரம் பண்ணுகிறவருக்குத் தெலுங்கு தெரியாதா? பாய் தோளில் கிடந்த கயிற்றைக் கையில் எடுத்தார்.

"இருங்க பாய்," என்ற பத்மாவதி வீட்டுக்காரரிடம் திரும்பினாள். "ஏனுங்க, சொன்னது நீங்களா இருக்கலாம். கொட்ட வெச்சது நானுங்க. நான் போய்ச் சொல்லீட்டு வாரேன்."

யார் பதிலுக்கும் நிற்கவில்லை. வெளியே கிடந்த இலையில் ஒரு கட்டு அள்ளிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள், தெருவில் கேட்கிறவர்களுக்குக் காட்ட. தட்டும் கொள்ளும் தவிர ஒரு துரும்பும் போடக்கூடாது என்று சென்னியம்மாளிடம் சொன்னாள். முப்பது வருடத்தில் அவர் இல்லாமல் கோயமுத்தூர் போனதில்லை. இருந்தாலும் வேனின் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். பாய் கொஞ்சம் தயங்கினார். அப்புறம் கயிற்றைக் கொட்டகைத் தூணில் மாட்டிவிட்டு வந்து வண்டியைக் கிளப்பினார்.

தோட்டத்து முக்கு திரும்பும்போது பின்னால் தகரத்தில் யாரோ படபடவென்று தட்டினார்கள். பாய் வண்டியை நிறுத்தினார். சட்டைப் பித்தானைக்கூடச் சரியாகப் போடாமல் பங்காருசாமி மூச்சு வாங்க நின்றார். முன்னால் இடம் இருக்குதுங்க, வாங்க என்று பாய் கூப்பிட்டார். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பின்பக்கம் ஏறி, குட்டிக்காகப் பரப்பியிருந்த வைக்கோலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க ஓட்டுங்க பாய்," என்றார்.

வேன் அன்னூர் கடைவீதி வழியாகத்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, பகல் பத்து மணி. அந்தக் கடைவீதியில் அவரைத் தெரியாதவர் ஒருவர்கூட இல்லை.