பயறு ஊறும் முன்பே எழுதிய முடிவு

"ஒங்க பொண்ணு பொய் எழுதுதும்மா" என்றார் சரிதா மிஸ். செருப்புக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, முதலியார்பேட்டைப் பள்ளியின் ஆறாம் வகுப்பு வாசலில் நின்றிருந்தேன். உள்ளே பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். என் மகள் கார்குழலி மட்டும் தலை நிமிரவில்லை.

சோதனை சின்னதுதான். இரண்டு கொட்டாங்குச்சிகளில் பச்சைப்பயறு. ஒன்று எங்கள் வீட்டு ஜன்னலில், இன்னொன்று கடையிலிருந்து நான் கொண்டுவந்த செருப்புப் பெட்டிக்குள். பெட்டிக்குள் இருந்ததுதான் உயரமாக வளர்ந்தது. நானும் பார்த்தேன். நூல் மாதிரி இழுத்துக்கொண்டு, வெளுத்து, நிற்கமாட்டாமல் சாய்ந்து கிடந்தது. 'இருட்டில் வைத்த செடி அதிக உயரம், ஆனால் வெளுத்துப் போனது' என்று எழுதினாள். கொட்டாங்குச்சியை மாற்றிவைத்துப் பொய் சொல்கிறாள் என்று மிஸ் வகுப்பிலேயே எழுப்பி நிறுத்திவிட்டார்.

"வெளிச்சம் இல்லேன்னா செடி வளராது. இதான் முடிவு. பயறு ஊறப்போடச் சொன்ன அன்னிக்கே போர்டுல எழுதிப்போட்டேன். இவளத் தவிர எல்லாரும் எழுதிட்டாங்க."

"பயறே ஊறல, அதுக்குள்ள முடிவு வந்துடுச்சா மிஸ்?"

உள்ளே யாரோ சிரித்தார்கள். மிஸ் என்னைத் தூணோரம் அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தெரியாதா? வெளிச்சத்தத் தேடித்தான் அப்படி நீளும். விதைல இருக்குற சத்து தீந்ததும் செத்துடும். இதெல்லாம் சொன்னா பசங்க கொழம்பிடுவாங்க. பரிட்சைக்கு அந்த ஒரு வரி போதும். எழுதச் சொல்லுங்க, மார்க் போட்டுடறேன்."

தெரியாமல் சொல்லியிருந்தால் என் கோபம் அங்கேயே அடங்கியிருக்கும். தெரிந்தேதான் ஒரு குழந்தையைப் பொய்க்காரி ஆக்கியிருக்கிறார். வீட்டில் கார்குழலி என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள், "அம்மா, நீயும் பாத்தல்ல? நெஜமாவே பாத்தல்ல?" என்று. தன் கண்ணையே அவள் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தாள். இதற்கு எந்த மார்க்கைப் போட்டு ஈடுகட்டுவார்?

"மார்க்கு வேணாம் மிஸ். அவ சொன்னது பொய்யில்லன்னு உள்ள வந்து சொல்லுங்க."

"பசங்க முன்னாடியா?"

"பசங்க முன்னாடிதான பொய்க்காரின்னு சொன்னீங்க?"

"இப்ப க்ளாஸ் இருக்கும்மா. அப்புறம் பாக்கலாம்."

"எடுங்க. நான் இருக்கேன்."

நேராக உள்ளே போய்க் கார்குழலியின் பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். முட்டி டெஸ்க்கில் இடித்தது. மிஸ் சாக்பீஸை எடுத்தார், எழுதவில்லை. வகுப்பு முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.