கேலனுக்குப் பதினாலு

எங்கள் ஊர் ராலின்ஸில் தீவனக் கடையின் பின்பக்கம், மாட்டு உப்புக்கட்டிகளை அடுக்கியிருக்கும் இடத்துக்கு அடுத்து ஒரு மேசை கிடக்கிறது. தினமும் காலை ஆறரைக்கு நாலைந்து கிழங்கள் அங்கே கூடிக் காபி குடிக்கிறோம். பிடித்த மீனைப் பற்றியும் புளுகுவோம், சுட்ட மானைப் பற்றியும் புளுகுவோம். ஆனால் கொஞ்சமும் வாய் கூசாமல் புளுகுவது வண்டி மைலேஜைப் பற்றித்தான்.

என் வண்டி இருபத்தெட்டு வருஷத்து டீசல் பிக்கப். முப்பத்தொரு வருஷம் எரிவாயுக் கம்பெனியில் வண்டி ஓட்டிவிட்டு நான் ஓய்ந்துவிட்டேன், அது இன்னும் ஓயவில்லை. அதற்கு ஒரே ஒரு குறை. டீசல் அளவு காட்டும் முள் செத்து நாலு வருஷம் ஆகிறது. டேங்கை நிரப்பியதும் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, எத்தனை மைல் ஓடியது என்று பார்த்து மனக்கணக்காகவே ஓட்டுகிறேன். இந்தப் பக்கம் பழைய வண்டி வைத்திருக்கும் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

போன ஜனவரியில் மேசைக் கூட்டாளி டெல்பர்ட் புது பிக்கப் வாங்கினான். நானூறு குதிரைசக்தி, உட்காரும் இடம் சுடும், ஸ்டியரிங் சுடும். டிரெய்லரை இழுத்துக்கொண்டே கேலனுக்குப் பன்னிரண்டு மைல் கொடுக்கிறது என்று மேசையில் காபியை வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டான். என் பக்கம் திரும்பி, இந்தக் கட்டைவண்டி எவ்வளவுப்பா குடிக்குது என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. பதினாலு என்று சொல்லிவிட்டேன். கேப்பையில் நெய் வடிகிறது என்கிற மாதிரிதான், ஆனால் ஒருத்தரும் மறுக்கவில்லை. அன்றிலிருந்து என் வண்டி பதினாலு.

உண்மை என்ன தெரியுமா? டிரெய்லரோடு ஒன்பது. நானே ரசீதின் பின்பக்கம் பென்சிலால் வகுத்துப் பார்த்தது. மேற்கே போனால் எதிர்க்காற்றில் ஒன்பதும் தேறாது.

மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை. எட்டு மணி இருக்கும். நோரீன் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். என் வீட்டிலிருந்து கால் மைலில் இருக்கிறாள், புருஷன் தவறி ஆறு வருஷம். பண்ணை பண்ணையாகப் போய்க் கன்று பிரிக்கவும் மாடு ஓட்டவும் நாள் கூலிக்கு வேலை செய்கிறவள். அவளுக்கு இருப்பது ஒரே குதிரை, பிஸ்கட் என்று ஒரு பெட்டை. அதன் தாய் குட்டி போட்டதும் செத்துவிட்டது. இவள்தான் புட்டியில் பால் புகட்டி வளர்த்தாள். ஒன்பது வயது ஆகிறது. அவள் பிழைப்பும் அதுதான், வீட்டில் பேச்சுத் துணையும் அதுதான்.

பிஸ்கட்டுக்குக் குடல் முறுக்கிக்கொண்டது என்றாள். விடியற்காலை வைத்தியர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, வலிக்கு ஊசியும் போட்டாராம். அறுவை செய்தால் பிழைக்கும், மத்தியானம் இரண்டு மணிக்குள் மேசையில் ஏற்றியாக வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். கிழக்கே ஃபோர்ட் காலின்ஸ்தான் கிட்டே. ஆனால் அன்றைக்குக் காற்று அறுபதுக்கு மேல் அடித்தது. லேசான டிரெய்லர்கள் கவிழும் என்று கிழக்குச் சாலையை அடைத்துவிட்டார்கள். அதனால் மேற்கே, சால்ட் லேக் பக்கம் இருக்கும் குதிரை ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். இருநூற்றெண்பது மைல். அவள் வண்டியோ கியர்பாக்ஸ் கழற்றின நிலையில் பட்டறையில் கிடந்தது.

அவள் கேட்டு முடிப்பதற்குள் சாவியை எடுத்து நீட்டினேன். அதில் என்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. கூடவே போகிறேன் என்றும் சொன்னேன். நீ இடுப்பு வலியோடு வந்து என்ன செய்யப் போகிறாய் என்று மறுத்துவிட்டாள். அதுவும் நியாயம்தான்.

டீசல் முள் வேலை செய்யாது, டேங்க் முப்பது கேலன், நிரப்பி அறுபது மைல் ஓடியிருக்கிறது என்று சொன்னேன். அவள் சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"டிரெய்லரோட எவ்வளவு குடுக்கும்?"

டெல்பர்ட் காபிக் கோப்பைக்கு மேலாக என்னைப் பார்த்தான். சிரிக்கக்கூட இல்லை, சும்மாதான் பார்த்தான்.

"பதினாலு," என்றேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தான் மட்டும்தான் கெட்டது.

அவளோடு அவள் வீட்டுக்குப் போய் டிரெய்லரை மாட்டி, பிஸ்கட்டை ஏற்றிக் கொடுத்தேன். அங்கே நாங்கள் இரண்டு பேர்தான். சங்கிலியைக் கொக்கியில் போட்டபடியே, உண்மையில் ஒன்பதுதான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்புறம் ஏன் பதினாலு என்றாய் என்ற கேள்வி வரும். பிஸ்கட் உள்ளே வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது, கழுத்தெல்லாம் வேர்வை. அதைப் பார்த்துக்கொண்டே நான் என்ன சொன்னேன் என்றால், "வேணும்னா ராக் ஸ்பிரிங்ஸ்ல நிரப்பிக்கோ," என்றேன்.

வேணுமென்றால். அந்த ஒரு சொல்லுக்காக என்னை நானே எத்தனை தடவை அறைந்துகொண்டாலும் தகும்.

வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ராக் ஸ்பிரிங்ஸ் நூற்றேழு மைல், அங்கே எவளாக இருந்தாலும் டீசல் போடுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பத்து மணிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. ஓட்டும்போது அவள் போனைத் தொட மாட்டாள். எப்படி இருக்கிறது, தேவைப்பட்டால் டீசல் போட்டுக்கொள் என்று பதிவு செய்து வைத்தேன். அப்போதும் ஒன்பது என்று வாய் வரவில்லை. காலியான வீட்டில் ஒரு மெஷினிடம் பேசுகிறேன், யார் கேட்கப்போகிறார்கள்? அதற்கும் வெட்கம். இந்த வயதில் எனக்கு என்ன கௌரவம் வேண்டிக்கிடக்கிறது என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

பன்னிரண்டரைக்கு அவளே கூப்பிட்டாள். எவன்ஸ்டன் தாண்டிப் பதினைந்து மைலில் வண்டி இருமி இருமி நின்றுவிட்டதாம். காற்று இரைச்சலில் பாதிதான் கேட்டது. ஏதாவது பழுதா, கார்வின், நான் எதையாவது தப்பாக அழுத்திவிட்டேனா என்று என்னைக் கேட்டாள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. டீசல் தீர்ந்திருக்கும் என்றேன். தீராது, நான் கணக்குப் போட்டேன் என்றாள். தீர்ந்துவிட்டது நோரீன் என்று மறுபடியும் சொன்னேன்.

பெட்ரோல் வண்டி என்றால் ஒரு கேன் ஊற்றினால் கிளம்பிவிடும். டீசல் அப்படி இல்லை. வறண்டால் குழாய் முழுக்கக் காற்று ஏறிக்கொள்ளும். ஏர் எடுத்து முடிக்கும் வரை எஞ்சின் பிடிக்கவே பிடிக்காது. அந்த வழியே வந்தவை எல்லாம் பெரிய லாரிகளும் சின்னக் கார்களும்தான். அவள் டிரெய்லரை மாட்டி இழுக்கக்கூடிய வண்டி ஒன்றுகூட நிற்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு லாரிக்காரர் நின்று கேனில் ஐந்து கேலன் கொடுத்தார். அதற்கப்புறம் போனில் நான் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். பானட்டைத் தூக்கு, எஞ்சினுக்கு டிரைவர் பக்கம், கீழே, விரல் அளவுக்கு ஒரு ரப்பர் பொத்தான் இருக்கும், அதுதான் கை பம்பு. அமுக்கு. அமுக்கிக்கொண்டே இரு. இப்போது செல்ஃப் எடு. பிடிக்கவில்லையா? மறுபடி அமுக்கு.

அவள் விரல் மரத்துப்போய்விட்டது. நடுநடுவே போனைக் கீழே வைத்துவிட்டு டிரெய்லருக்கு ஓடுவாள். அப்போதெல்லாம் எனக்குக் காற்றுச் சத்தம்தான் கேட்கும். ஒரு தடவை தகரத்தில் குளம்பு மோதுகிற சத்தமும் கேட்டது. திரும்பி வந்து, "படுத்துட்டா, கார்வின். எழுந்திரிக்க மாட்டேங்கிறா," என்றாள். நான் இன்னும் முப்பது தடவை அமுக்கு என்றேன். வேறு என்ன சொல்வது?

இரண்டேகாலுக்கு எஞ்சின் பிடித்தது. நான் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வழியில் டீசல் நிரப்பிக்கொண்டு மூன்றரைக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். வாசலிலேயே நாலு பேர் தயாராக இருந்தார்களாம். டிரெய்லருக்குள்ளேயே ஏறிப் பார்த்திருக்கிறார்கள். குடல் கறுத்துப்போயிருந்தது, இனிமேல் திறந்து பயனில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று அவள் கேட்டதற்கு அந்த டாக்டர், அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாராம். நல்ல மனிதர். கடைசி ஊசி போடும்போது நோரீன் அதன் தலையை மடியில் வைத்திருந்தாள். இதெல்லாம் இரவு போனில் சொன்னாள், அழாமல், ஒன்றன்பின் ஒன்றாக. நான் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் வண்டியைக் கொண்டுவந்தாள். உள்ளே துடைத்திருந்தாள், கண்ணாடிகளைக் கழுவியிருந்தாள், டேங்கை விளிம்பு வரை நிரப்பியிருந்தாள். காலி டிரெய்லரைத் தன் வீட்டு வாசலில் கழற்றிவிட்டு வந்திருக்கிறாள். இறங்கினதும் முதல் பேச்சே மன்னிப்புத்தான்.

"உன் வண்டிய டீசல் இல்லாம காயப்போட்டுட்டேன். பம்பு கிம்பு போயிருந்தா சொல்லு, நான் மாத்தித் தர்றேன்."

விரல் நுனியெல்லாம் வெடித்து, மூன்று விரலுக்குப் பிளாஸ்திரி போட்டிருந்தாள். இதைப் பார்த்துவிட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனிதனே இல்லை.

"ஒன்பது," என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை.

"டிரெய்லரோட ஒன்பதுதான் குடுக்கும், நோரீன். எதிர்க்காத்துல அதுவும் இல்ல. டெல்பர்ட் உக்காந்திருந்தான், அதனால பதினாலுன்னு சொன்னேன்."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அவள் வண்டியின் பக்கவாட்டில் சாய்ந்து நின்றாள். காற்று தலைமுடியை வாய்க்குள் தள்ளியது, அதைக்கூட எடுத்துவிடவில்லை. திட்டட்டும், சாவியை என் முகத்தில் எறியட்டும் என்று காத்திருந்தேன்.

"நான் பன்னெண்டுன்னுதான் வச்சிருந்தேன்," என்றாள். "எங்க வீட்டுக்காரரும் அந்த மேசையில உக்காந்தவர்தானே. ரெண்டு கூட்டித்தான் சொல்வீங்க எல்லாரும். இந்த ஊர்ப் பொம்பளைங்க எல்லாருக்கும் அது தெரியும். உனக்கு ரெண்டு கழிச்சுட்டுத்தான் கணக்குப் போட்டேன். ஓடின அறுபது போக முன்னூறு மைல் வந்துச்சு. இருபது மைல் மிச்சமே இருந்துச்சு."



"ராக் ஸ்பிரிங்ஸ்ல நின்னேன் கார்வின்," என்றாள். குரல் ஏறவே இல்லை. "அவளப் பாக்கறதுக்கு நின்னேன். டீசல் பம்புக்குப் பக்கத்துலயேதான் நிறுத்தினேன். அப்ப நல்லாத்தான் இருந்தா, ஈறு கூட வெளுக்கல. போட்டுக்கலாமான்னு யோசிச்சேன். பத்து நிமிஷம் ஆகும், அத எதுக்கு வீணாக்கணும்னு கிளம்பிட்டேன்."

அப்புறம் வண்டியின் பானட்டைப் பிளாஸ்திரி போட்ட கையால் மெல்லத் தட்டினாள். குதிரையைத் தட்டுவதுபோல.

"ஒன்பதுல ஒரு குத்தமும் இல்லயே. ஒன்பதுன்னு சொல்லியிருந்தா, பத்து நிமிஷம் நின்னு போட்டுட்டு, ஒன்னே முக்காலுக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருப்போம்."

சாவியை என் கையில் வைத்தாள். வீட்டில் கொண்டுவிடட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அந்தக் கால் மைலையும் எதிர்க்காற்றில் நடந்தே போனாள்.