தலைப்பாகைக்குப் பின்னால் தயிர் சித்தப்பா

1

தேவகி கேட்டது கதையல்ல. படையலில் வாசிக்க அரைப்பக்க இரங்கலுரை. பக்கத்து வீட்டுக்காரன் எழுதுகிறவனாயிற்றே என்று நம்பிவிட்டாள். அவள் கணவர் மசாருவை வளர்த்த சித்தப்பா ஒசாகாவில் காலமானார். போக முடியாத மசாரு, எங்கள் ஊர் திகாம் பத்தில், வீட்டிலேயே படம் வைத்து, தன் கையால் ஒரு மாலை போட்டால் போதும் என்றார்.

'உதயசூரியன் நாட்டில் ஒரு சூரியன்...'

(அடித்துவிட்டேன். இது தேவகியின் அண்ணன் பரஞ்சோதி தந்த வரி. கோயில் தலைவர். அவர் பேசும் சாவுவீட்டிலெல்லாம் ஒரு சூரியன் அஸ்தமிக்கும்.)

2

தேவகியின் கல்யாணத்துக்கு மசாருவின் ஜப்பானியக் குடும்பம் வேன் வேனாக வந்திறங்கியது. பெயர்கள் வாயில் நுழையாததால் பந்தியைப் பார்த்துப் பெயர் வைத்தோம்: ஊறுகாய் அத்தை, அப்பள அண்ணன், ரசத் தாத்தா. இறந்தவர் தயிர் சித்தப்பா. (அவர்களும் எங்களுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். பரஞ்சோதியின் பெயரை மட்டும் மசாரு இன்றுவரை மொழிபெயர்க்கவில்லை.)

சித்தப்பா கதாபாத்திரமாகத் தேறுவாரா என்பதே சந்தேகம். பேசவே மாட்டார். தயிர்ச்சோற்றில் சர்க்கரை போட்டுச் சாப்பிட்டார். பிறகு மண்டப வாசலில் உட்கார்ந்து, அத்தனை பேர் செருப்பையும் ஜோடி சேர்த்து, திரும்பிப் போகும் திசையில் திருப்பி வைத்தார். வாட்ச்மேன் என்று நினைத்துப் பரஞ்சோதி அவரிடம் கார்ச் சாவியைக் கொடுத்தார்.

3

சித்தப்பாவும் மசாருவும் சேர்ந்து நின்ற படம் ஒன்றுதான்: கல்யாணக் குழுப்படம். அதை ஆளுயர பேனராக அடித்து வந்தவர் பரஞ்சோதி. விரித்தோம். நட்டநடுவில் ஜரிகைத் தலைப்பாகையோடு பரஞ்சோதி. தலைப்பாகைக்குப் பின்னால் ஒரு காது.

மசாரு அதை விரலால் தொட்டார். "இது... சித்தப்பா காது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மாலையைத் தூக்கினார். காதுக்குப் போட்டால் அது பரஞ்சோதியின் கழுத்தில்தான் விழும்.

"மாப்ள, உசுரோட இருக்கிறவன் படத்துக்கு மாலை போடக் கூடாதுலா. ஆயுசு போயிரும்."

"அப்ப அன்னிக்கே கொஞ்சம் நகந்து நின்னிருக்கலாம்ண்ணே," என்றாள் தேவகி.

4

முடிவு ஒன்று: பரஞ்சோதி கத்தரிக்கோல் கேட்டு, தன் படத்தைத் தானே வெட்டி... (நடக்காது. எனக்கு அவரை நன்றாகத் தெரியும்.)

முடிவு இரண்டு: மசாரு பெருந்தன்மையோடு... (அடித்துவிட்டேன். தேவகி முறைக்கிறாள்.)

நடந்தது இவ்வளவுதான். மாலையை இலையோரம் வைத்துவிட்டு மசாரு வாசலுக்குப் போனார். இன்னும் வரவில்லை. சர்க்கரை தூவிய தயிர்ச்சோற்றில் எறும்பு ஏறுகிறது. பரஞ்சோதி பேனரை மறைத்து நிற்கிறார்.

மாலை உங்கள் பக்கம்தான் இருக்கிறது. போடுவதானால் போடுங்கள். பயமாக இருந்தால் கிளம்பலாம். தேட வேண்டியதில்லை, உங்கள் செருப்பு இந்நேரம் வீதியைப் பார்த்துத் திரும்பியிருக்கும்.