உறை போதும்

அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கு மருந்து போகிறது, யாருக்கு வெறும் உப்புநீர் போகிறது என்று தெரிந்த ஒரே ஆள் மருந்துக்கூடத்து அக்காதான். கணையம் வீங்கிப் புண்ணாகி உயிருக்குப் போராடுகிறவர்களுக்கு, வழக்கமான சிகிச்சையோடு வைட்டமின் சி-யையும் நரம்பில் ஏற்றினால் பலன் உண்டா என்று ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. பாதிப் பேருக்கு வைட்டமின்; மீதிப் பேருக்கு உப்புநீர். டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. வைட்டமின் லேசாக மஞ்சள் காட்டும், வெளிச்சம் பட்டால் கெட்டும் போகும் என்பதால் எல்லாப் பைக்கும் ஒரே மாதிரி கறுப்பு உறை. கலக்கிறவள் வார்டுப் பக்கம் போகக்கூடாது, முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்பது விதி.

திங்கட்கிழமை காலை வார்டு நர்ஸ் போனில் சிரித்தாள்.

“அக்கா, உங்க கறுப்புப் பைக்கு இங்க ஒரு பக்தை கிடைச்சிருக்காங்க. ஆறாம் கட்டில் கடிகாரக்காரரோட சம்சாரம். வெளிச்சம் பட்டா மருந்து கெட்டுடும்னு யாரோ சொன்னாங்களாம். ஜன்னல் திரைய இழுத்து ஊக்கு குத்தி வச்சிருக்காங்க. எனக்கு ஊசி போட நரம்பே தெரியல!”

“அவர் என்ன சொல்றார்?”

“‘நாப்பது வருஷம் ஜன்னலோரம் உக்காந்து கடிகாரம் ரிப்பேர் பாத்தவன்டி, கொஞ்சம் திறந்து விடு’ன்னு கெஞ்சறார். ‘பொறந்ததுலேர்ந்து பாத்த வெளிச்சம்தானே, பத்து நாள் பாக்காட்டி குறைஞ்சா போயிடுவீங்க’ன்னு அந்தம்மா அதட்டறாங்க. அப்புறம் வெளிய வந்து நின்னு அழறாங்க.”

அக்கா போனை வைத்தாள். ஆறாம் கட்டிலுக்குப் போவது உப்புநீர். அவள் கையால் நிரப்பியது. நாள் முழுக்க வெயிலில் வைத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

சொன்னால் சோதனை பாழ். இதை நம்பி நாளைக்குப் பிழைக்க இருக்கிறவர்கள் எத்தனை பேரோ! வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் தர்மம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் மாலைப் பிரார்த்தனையில் மனம் நிற்கவில்லை. கண்ணை மூடினால் ஊக்கு குத்திய திரைதான் வந்தது. செவ்வாயும் அப்படியே போயிற்று.

புதன் காலை உறை மாட்டும்போது அவள் கை சட்டென்று நின்றது. இந்த உறை எதற்கு? வெளிச்சத்தைத் தடுக்கத்தானே! உள்ளே எது இருந்தாலும் உறை போதும். இதைச் சொல்ல எந்த ரகசியத்தையும் உடைக்க வேண்டாமே. போனில் ஒரு வார்த்தை. மருந்தா, உப்புநீரா என்றே இரண்டு நாளாக உழன்றுகொண்டிருந்தவளுக்கு இது தோன்றவே இல்லை.

வார்டில் யாரும் போனை எடுக்கவில்லை. விதியை மறந்து மாடியேறி ஓடினாள்.

ஆறாம் கட்டிலைச் சுற்றி மங்கலாக இருந்தது. கடிகாரக்காரரின் வாயில் குழாய். விடிவதற்குள் நினைவு தப்பிவிட்டதாம். மனைவி தலைமாட்டில் நின்று, பையின் உறையைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, உறை போதும். திரையத் திறக்கலாம்.”

“நெஜமாவா? மருந்து கெடாதா?”

“எந்தப் பையா இருந்தாலும் கெடாதும்மா.”

அவள் ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். வெயில் அவர் முகத்தில் விழுந்தது. “ஏங்க, திறந்துட்டேன் பாருங்க. கோவிச்சுக்காம ஒரு தரம் கண்ணத் திறங்க.”

இமை அசையவில்லை.

“நேத்து ராத்திரி வரைக்கும் கேட்டுட்டே இருந்தாரும்மா,” என்றாள் திரும்பி. “நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா?”

அதில் கோபமில்லை. கோபமாவது இருந்திருக்கலாம். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை நிறைய ஊக்கு.

வியாழன் மதியம் அவர் போய்விட்டார். போனில் நர்ஸ் இந்த முறை சிரிக்கவில்லை.

“துணிமணிய மூட்டை கட்டித் தூக்கிட்டு வெளிய போன அந்தம்மா பாதியில நின்னுட்டாங்க அக்கா. ஒன்பதாம் கட்டில்ல ஒரு பொண்ணு, அப்பாவுக்குக் கறுப்புப் பை மாட்டினதும் திரைய இழுத்துட்டிருந்தா. ‘உறை போதும் கண்ணு, அப்பாவுக்கு வெளிச்சத்தக் காட்டு’ன்னு தானே திறந்து விட்டுட்டுப் போறாங்க.”

அத்தனை துக்கத்திலும் அடுத்த கட்டிலை நினைக்கிற மனதைக் கடவுள் சிலருக்குத்தான் கொடுக்கிறார்.

ஆறாம் கட்டிலுக்கென்று காலையில் நிரப்பிய பை மேசைமேல் கிடந்தது. அக்கா அதன் உறையைக் கழற்றி, பையை ஜன்னலோரம் வைத்தாள். வெயில் அதற்குள் புகுந்து சுவரில் ஆடிற்று.